சட்டாம்பிள்ளையும் சகமாணவரும்: ஜெர்மனி வழியே ஒரு பாடம்



ஓர் ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளை இது. இங்கே நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், மாணவர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியராவது பற்றியது. பிள்ளைகள் சேர்ந்து படித்தால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனாலும் நம் வகுப்பறைகளில் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டுதான் விடை எழுதுகிறார்கள். உதவும் மனம் பிள்ளைகளிடம் குறைந்துவிட்டது என்று பழி சொல்வது எளிது. குறை நம் ஏற்பாட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. கற்பவர்களிடையே ஒத்துழைப்பு எந்த ஏற்பாட்டில் வளரும், எந்த ஏற்பாட்டில் வாடும் என்பதற்கு ஜெர்மனியில் நான் கண்டதையும் படித்ததையும் சான்றாக வைத்துப் பேசுகிறேன். அந்தக் கதை தமிழ் மண்ணில்தான் தொடங்குகிறது.

மணலில் எழுதிய மாணவர்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கினார் பார்த்தலோமேயு சீகன்பால்கு. சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர்; ஹாலே நகரில் படித்தவர். தமிழ் கற்க அவருக்கு இலக்கண நூலோ அகராதியோ கைக்கு எட்டவில்லை. அவரும் உடன் வந்த புளூட்சோவும் உள்ளூர்த் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் பிள்ளைகளோடு தங்கள் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் நடுவே தரையில் அமர்ந்தார்கள். பிள்ளைகள் விரலால் மணலில் அகரம் எழுத, பார்த்து இவர்களும் எழுதினார்கள். பின்னாளில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட சீகன்பால்குவின் முதல் தமிழ் வகுப்பு இதுதான். அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் உண்டு.

அவருக்கு இது முற்றிலும் புதிதாக இருந்திருக்காது. ஹாலேயில் பிராங்கே என்பவர் நிறுவிய பள்ளிகளில், ஏழைப் பல்கலைக்கழக மாணவர்கள் இலவச உணவுக்கு ஈடாகச் சிறுவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். கற்றுக்கொண்டே கற்பிப்பது அங்கே வழக்கத்தில் இருந்தது.

எழும்பூரில் ஓர் எட்டு வயதுச் சிறுவன்

ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மணல் இன்னொரு ஐரோப்பியரின் கண்ணில் பட்டது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் காலையில் குதிரையில் செல்லும்போது, திண்ணைப்பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யுங்கள் என்றார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். உடனே கீழ்வகுப்பை ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த முறையை 1797இல் பெல் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் கல்லூரி' என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

நம் திண்ணைப்பள்ளிகளில் இதற்கு வேர் இருந்தது. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று முறை வைப்பான்; மற்றவர்கள் கூடவே சொல்வார்கள். ஓராசிரியர் பள்ளியில் அது தேவையாகவும் இருந்தது. ஆனால் அந்தச் சொல் இன்று தமிழில் எந்தப் பொருளில் வாழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "என்ன சட்டாம்பிள்ளைத்தனம் பண்றே?" என்று கேட்கிறோம். உதவியவனின் பெயர் அதட்டுகிறவனின் பெயராகிவிட்டது. ஒரே மாணவனின் கையில் பாடமும் பிரம்பும் நிரந்தரமாகத் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்ச் சொல்லே பதிவு செய்து வைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டர் இந்த முறையைப் பெரிய கூடங்களுக்குக் கொண்டுபோனார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள், வரிசைக்கொரு மாணவத் தலைவன், மணியடித்தால் ஓர் அசைவு, பரிசுக்கும் அவமானத்துக்கும் தனித்தனிப் பட்டியல். செலவு குறைந்தது என்பதால் பல அரசுகள் இதை விரும்பின. டேனிய மன்னரின் ஆட்சியில் இருந்த ஷ்லெஸ்விக் பகுதியில், எக்கர்ன்ஃபோர்டே என்ற கடற்கரை ஊரில், இதற்கென மாதிரிப் பள்ளி ஒன்று நடந்தது. பெர்லின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவர் அடோல்ஃப் டீஸ்டர்வேக் 1836இல் அதைப் பார்க்கப் பயணம் போனார். திரும்பி வந்து கடுமையாக எதிர்த்து எழுதினார். பிள்ளை ஒன்றைப் புரிந்துகொண்டதா என்று அறிவது ஆசிரியரின் வேலை. ஒப்பிக்கவைப்பதோடு நின்றுவிடும் மாணவத் தலைவனால் அது ஆகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பயிற்சி பெற்ற ஆசிரியர்களை உருவாக்கும் வழியைத்தான் ஜெர்மனி நாடியது. மதராஸ் முறை அங்கே வேரூன்றவில்லை.

டீஸ்டர்வேக் சொன்னது சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. கற்பவன் ஒருவனை இன்னொருவன்மேல் அதிகாரியாக்கியதுதான் தவறு. அந்த அதிகாரத்தை நீக்கிவிட்டு அதே உதவியை வாங்க முடியுமா என்ற கேள்விக்குத்தான், நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனி விடை தேடியது.

ஐக்ஸ்டெட் வகுப்பறை

பவேரியாவில் ஐக்ஸ்டெட் ஒரு சிறிய பல்கலைக்கழக நகரம். பிரான்சில் பிறந்த ழான்-போல் மார்த்தன் அங்கே பிரெஞ்சு கற்பிக்கும் முறையை ஆராய்ந்தார். பள்ளி வகுப்பிலும் பாடம் எடுத்தார். அவரை உறுத்தியது ஒரு கணக்கு. 45 நிமிட வகுப்பு, 30 மாணவர்கள் என்று வையுங்கள். ஆசிரியர் பாதி நேரம் பேசினால், மீதியில் ஒரு மாணவருக்கு 45 வினாடிதான் கிடைக்கும். நாளுக்கு 45 வினாடி பேசி எந்த மொழி வரும்?

1980களின் தொடக்கத்தில் அவர் பாடநூலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து மாணவர்களிடம் கொடுத்தார். இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு பகுதியைப் படித்து வந்து வகுப்புக்கு நடத்த வேண்டும். எழுதி வந்ததை வாசித்துவிட்டு உட்கார முடியாது. ஒரு வாக்கியம் சொன்னால் வகுப்புக்குப் புரிந்ததா என்று கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். யாருக்குப் புரியவில்லையோ அவருக்கு வேறு விதமாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்து கூர்ந்து கேட்பார். பிழை நிலைத்துவிடும் போலிருந்தால், குழப்பம் கூடினால், குறுக்கிடுவார். அடுத்த பகுதிக்கு வேறு மாணவர்கள் முன்னே வருவார்கள்.

'கற்பித்தலால் கற்றல்' என்று பொருள்படும் பெயரை அவர் இதற்கு வைத்தார். 1987இல் இதைப் பின்பற்றும் ஆசிரியர்களை இணைத்து ஒரு வலையமைப்பைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அதில் சேர்ந்தார்கள். பிரெஞ்சு வகுப்பில் தொடங்கியது வேறு பாடங்களுக்கும் போனது.

எழும்பூருக்கும் ஐக்ஸ்டெட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். எழும்பூரில் வகுப்பு ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐக்ஸ்டெட்டில் முன்னே நிற்கும் இடம் கைமாறிக்கொண்டே இருந்தது. இன்று நடத்துகிறவர் நாளை பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். தான் முன்னே நிற்கும்போது மற்றவர் தனக்குக் காது கொடுக்க வேண்டும் என்பதால், மற்றவர் நிற்கும்போது இவரும் காது கொடுப்பார். ஆசிரியரும் வகுப்பைவிட்டுப் போகவில்லை. டீஸ்டர்வேக் கேட்ட காவல் அங்கே இருந்தது.

சொல்லிக்கொடுப்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ஃபான் கிளைஸ்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். யோசித்துப் பிடிபடாத ஒன்றை யாரிடமாவது பேசிப் பார் என்பது அவர் அறிவுரை. தம் பின்னால் வேலை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் சகோதரியிடம் ஒரு சிக்கலைச் சொல்லத் தொடங்கினால், மணிக்கணக்கில் யோசித்தும் வராதது தெளிந்துவிடுகிறது என்கிறார். அவள் அந்தத் துறையை அறிந்தவள் அல்லள். கேட்க ஓர் ஆள் இருப்பதே சொல்பவரின் எண்ணத்தை ஒழுங்குபடுத்துகிறது.

எச்சரிக்கையும் ஜெர்மனியிலிருந்தே வந்தது. உளவியலாளர் அலெக்சாண்டர் ரெங்கல் 1990களில் இதை ஆராய்ந்தபோது, "நீ இதைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டும்" என்ற எதிர்பார்ப்பே சில மாணவர்களுக்குப் பதற்றத்தைத் தந்து, ஆர்வத்தைக் குறைப்பதைக் கண்டார். சொல்லிக்கொடுப்பது எல்லோருக்கும் எப்போதும் நன்மை தரும் மந்திரம் அன்று. பகுதி சிறிதாக இருக்க வேண்டும்; தயாரிக்க நேரம் வேண்டும்; துணைக்கு ஒருவர் வேண்டும். தடுமாறினால் தாங்கிப் பிடிக்க ஆசிரியர் வேண்டும்.

இருவர் ஓட்டும் மிதிவண்டி

1963 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடனவரும் பிரான்சின் தலைவர் டிகாலும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மூன்று பெரும் போர்களில் ஒருவரை ஒருவர் கொன்ற இரு நாடுகள். அந்த ஒப்பந்தத்தின் பயனாக அதே ஆண்டில் ஜெர்மன்–பிரெஞ்சு இளைஞர் அலுவலகம் பிறந்தது. இரு நாட்டு இளைஞர்களையும் ஒன்றாக உட்காரவைத்து மொழி பயிற்றும் 'டாண்டெம்' முறை அதன் ஆதரவில் வளர்ந்தது. இருவர் சேர்ந்து மிதிக்கும் மிதிவண்டியின் பெயர் அது. பாதி நேரம் ஜெர்மன், பாதி நேரம் பிரெஞ்சு. ஒரு பாதியில் ஒருவர் ஆசிரியர்; மறுபாதியில் அவரே மாணவர். 1990களில் போஹும் என்ற நகரின் ரூர் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் பிராமெர்ட்ஸ் என்ற அறிஞர் மின்னஞ்சல் வழியே பல நாட்டு மாணவர்களை இப்படி இணைத்தார். இன்று ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்தால் 'டாண்டெம் துணை தேவை' என்ற சீட்டுகள் தொங்கும்.

நானும் அப்படி ஒரு சீட்டு ஒட்டியவன்தான். கொலோன் நகரில், தமிழ் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி அதைப் பார்த்து வந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் ஒரு மணி நேரம். முதல் அரைமணி என் ஜெர்மன். அடுத்த அரைமணி அவர் தமிழ். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்வோம். அவர் ஒருநாள் கேட்டார்: "'நான் குளிர்கிறேன்' என்று ஏன் சொல்லக்கூடாது? 'எனக்குக் குளிர்கிறது' என்று ஏன் சொல்ல வேண்டும்?" பிறந்தது முதல் பேசிவரும் மொழி. எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்படித்தான் சொல்வோம்" என்று சமாளித்தேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். "எங்கள் மொழியிலும் 'மிர் இஸ்ட் கால்ட்' என்போம். 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறோம்" என்றார். ஆறு மாதமாக எனக்குப் பிடிபடாத ஒரு ஜெர்மன் வேற்றுமை உருபு அந்த நொடியில் பிடிபட்டது. என் தாய்மொழியில் நான் கவனிக்காமலே இருந்த நான்காம் வேற்றுமையும் தெரிந்தது. அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்தார். அந்தப் பதிலில் எனக்குரிய பாடம் இருந்தது.

அந்த மேசையில் யார் யாருக்குக் கடன்பட்டவர்? இருவரும்தான். அதனால் யாருக்கும் கூச்சமில்லை. என் பிழைகளை அவர் திருத்தியபோது எனக்குச் சுருக்கென்று படவில்லை. அடுத்த அரைமணியில் அவர் ழகரத்தோடு போராடப்போகிறார் என்று தெரியும். எப்போதும் வாங்குகிறவனாகவே இருந்தால் எந்த மனிதனும் உதவி கேட்கத் தயங்குவான். பின்தங்கிய மாணவர்கள் உதவி கேட்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வட்டம்

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பள்ளி, மருத்துவமனை, சமூகப் பணி, தொழில் நிறுவனம் எனப் பல இடங்களில் 'கொல்லெகியாலே பெராட்டுங்' என்ற வழக்கம் உண்டு. சக பணியாளர்கள் ஒருவருக்கொருவர் ஆலோசகராவது என்று பொருள். கிம்-ஒலிவர் டீட்ஸெ 2003இல் வெளியிட்ட நூல் இதை ஆறு படிகளாகத் தெளிவாக வகுத்தது.

எடுத்துக்காட்டாக, ஆறு ஆசிரியர்கள் வட்டமாக அமர்கிறார்கள் என்று வையுங்கள். முதலில் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வார்கள்: ஒருவர் தம் சிக்கலைச் சொல்பவர், ஒருவர் நெறிப்படுத்துபவர், மற்றவர்கள் ஆலோசகர்கள். "எட்டாம் வகுப்பில் ஒரு பையன் நான்கு மாதமாக வாயே திறப்பதில்லை" என்று ஓர் ஆசிரியை தொடங்குகிறார். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் புத்திமதி சொல்லக்கூடாது. பிறகு அவர் தம் சிக்கலை ஒரே கேள்வியாகச் சுருக்க வேண்டும். அந்தக் கேள்வியை எந்த வழியில் அணுகுவது என்று கூடி முடிவு செய்வார்கள். அடுத்த பத்து நிமிடம் ஆலோசகர்கள் மட்டும் பேசுவார்கள். ஆசிரியை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். "அதெல்லாம் செய்து பார்த்துவிட்டேன்" என்று தம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. கடைசியில் எவை தமக்குப் பயன்படும் என்று அவரே சொல்வார். அடுத்த கூட்டத்தில் வேறொருவர் சிக்கலைக் கொண்டுவருவார், இவர் ஆலோசகராவார்.

தலைமையாசிரியர் இல்லை, வெளியிலிருந்து வந்த வல்லுநர் இல்லை, செலவும் இல்லை. இங்கேயும் நாற்காலிகள் மாறிக்கொண்டே இருப்பதுதான் வட்டத்தைக் காக்கிறது. தாங்கள் சகஆசிரியரிடம் உதவி கேட்டுப் பழகாதவர்கள், மாணவனிடம் "பக்கத்தில் இருப்பவனிடம் கேள்" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு வலு இருக்காது.

பவேரியாவுக்குப் போன ஏணி

தென்னிந்தியாவிலிருந்து ஒரு கல்விமுறை ஜெர்மனிக்கு இரண்டாம் முறையும் போனது. அது மகிழ்ச்சியான பயணம். ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா இணையர் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடம் முழுவதும் அட்டைகளாகவும், அட்டைகள் ஒரு கற்றல் ஏணியாகவும் அமைந்தன. பிள்ளை தன் வேகத்தில் ஏறும். பவேரியாவின் ரேகன்ஸ்புர்க், வுர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகங்களின் கல்வியாளர்கள் ரிஷிவேலியோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். ஜெர்மன் வகுப்பறைகளுக்கு ஏற்பவும் வடித்தார்கள்.

நம் மாநிலம் இதைச் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அறியும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழகத் தொடக்கப்பள்ளிகளெங்கும் பரவியது. பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், சுவரோரம் அவர்கள் உயரத்துக்கு அடித்த கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் என அந்த வகுப்பறைகளை இங்கே பலர் நடத்தியிருப்பீர்கள். ஆசிரியரின் முழுத்துணை, ஆசிரியரின் பகுதித்துணை, சகமாணவரின் முழுத்துணை, சகமாணவரின் பகுதித்துணை, தானே கற்றல், மதிப்பீடு என ஆறு குழுக்கள். ஒரே பிள்ளை தமிழில் ஒரு குழுவிலும் கணக்கில் வேறொரு குழுவிலும் இருப்பாள். காலையில் உதவி வாங்கியவள் மாலையில் உதவி செய்வாள். சட்டாம்பிள்ளை இருந்த மண்ணில், சட்டாம்பிள்ளைக்கு இடமில்லாத ஒரு வகுப்பு அது.

அட்டைகள் மிகுதி, ஆசிரியருக்கு வேலைச்சுமை என்ற குறைகள் எழுந்தன; முறை மாற்றப்பட்டது. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். அந்தந்தப் பிள்ளையின் நிலையறிந்து கற்பிப்பது நல்ல நோக்கம். ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். மலரில் இருக்கும் பிள்ளையே ஆண்டு முழுவதும் அரும்புக்குச் சொல்லிக்கொடுப்பதாக அமைந்துவிட்டால், நாம் பழைய சட்டாம்பிள்ளையிடம் திரும்பிவிடுவோம். அரும்பில் இருக்கும் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க ஏதாவது இருக்கும். ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்திருக்கும். கோலத்தின் புள்ளிக்கணக்கு தெரிந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் பணி.

நம்மால் ஆவது

இதுவரை சொன்னவற்றிலிருந்து மூன்று செய்திகளை மட்டும் உங்கள் கையில் கொடுத்து முடிக்கிறேன்.

முதலாவது, இடம் மாற வேண்டும். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் எவரையும் நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். சகமாணவரைத் தண்டிக்கும் உரிமையையும், பேசியவர் பெயரைப் பலகையில் எழுதும் உரிமையையும் எந்த மாணவருக்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஒவ்வொருவர் கையிலும் மற்றவருக்குத் தேவையான ஒரு துண்டு இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தபோது மூண்ட பகையைத் தணிக்க, எலியட் ஆரன்சன் 1971இல் இதைத்தான் செய்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். எல்லோரும் பேசினால்தான் பாடம் முழுமையாகும். ஜெர்மன் ஆசிரியர்கள் இதைக் குழுப்புதிர் என்ற பெயரில் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஒற்றுமையாக இருங்கள் என்று அறிவுரை சொல்வதைவிட, ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆகாது என்ற வேலையைக் கொடுப்பது பயன் தரும்.

மூன்றாவது, தர வரிசைப் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நண்பனுக்குச் சொல்லிக்கொடுத்தால் தன் இடம் ஒன்று கீழே இறங்கும் என்று தெரிந்த பிள்ளை கையால் விடையை மறைக்கத்தான் செய்யும். அந்தக் கையை மறைக்கவைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்.

ஆசிரியர்களே, நாளைக் காலை உங்கள் பாடத்தில் பத்து நிமிடத்துக்குரிய ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் இருவரை வகுப்புக்கு முந்தின நாளே அழைத்து, அதை அவர்களோடு ஒருமுறை படியுங்கள். பிறகு சாக்பீஸை அவர்களிடம் கொடுத்துவிட்டு, வகுப்பிலேயே ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். எழும்பூரில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனால் முடிந்தது உங்கள் மாணவர்களாலும் முடியும். மறுநாள் அந்தச் சாக்பீஸை வேறு இருவரிடம் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.